பூபா பாஸான கதை

சென்னையை விட்டு, புதுச்சேரி மாநிலத்துக் காரைக்காலைச் சேர்ந்த அம்பகரத்தூருக்குக் குடிவந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு நாளில் இக்பால் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பான், தான் படித்த பள்ளிக்கூடத்திலேயே தன் மூத்த மகள் பத்தாவது படிக்கப் போகிறாள் என்று. டீக்கடையில் சொன்னான். பள்ளிவாசலில் சொன்னான். டிராக்டர் ஓட்டும் புகழேந்தியிடம் இரண்டு தடவை சொன்னான். பதினாறு வருஷம் ஷார்ஜாவில் கார் உதிரிபாகக் கிடங்கில் நின்றுவிட்டு வந்தவனுக்கு, ஊரில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டாமா? அவன் சொல்லச் சொல்ல, வீட்டுக்குள் அவன் மனைவி ரிஃபானாவுக்குப் பயம் கூடிக்கொண்டே போனது.

ஏனென்று மூடி மறைக்காமல் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த மகள், இக்பாலின் தாயார் பெயரை வைத்த மஹ்பூபா, வீட்டுக்குப் பூபா, ஒன்பதாம் வகுப்பில் பாஸாகவே இல்லை.

பிப்ரவரியில் சென்னைப் பள்ளிக்கூடத்தில் ரிஃபானாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். திருப்புதல் தேர்வில் கணக்கில் பதினொன்று, அறிவியலில் பதினேழு. தலைமையாசிரியை நாற்காலியில் இருந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். பத்தாவதில் நூற்றுக்கு நூறு ரிசல்ட் காட்டுகிற பள்ளிக்கூடமாம், இந்தப் பெண் இருந்தால் அது கெட்டுப்போகுமாம். இங்கேயே இருந்தால் ஃபெயில். நீங்களாகவே டி.சி. வாங்கிக்கொண்டு போவதாக இருந்தால் பாஸ் போட்டுத் தருகிறோம். யோசிக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை, ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நகர்த்திவைத்தார். ரிஃபானா நின்றவாக்கிலேயே எழுதினாள், குடும்பம் சொந்த ஊருக்குக் குடிபோவதால் மகளின் சான்றிதழ்களைத் தந்து உதவ வேண்டும் என்று. அப்போது குடிபோகும் பேச்சு எதுவுமே கிடையாது. எழுதுகிறபோது கைக்கு வந்த காரணம் அது.

எழுதியதை நிஜமாக்க வேண்டுமே. அன்றைக்கே ஷார்ஜாவுக்குப் போன் போட்டாள். சம்பாதித்தது போதும் மச்சான், வந்துடுங்க, ஊருக்கே போயிடலாம், பிள்ளைகள் உங்கள் முகத்தைப் போனில் பார்த்தே வளர்ந்துவிட்டார்கள் என்றாள். பதினாறு வருஷத்தில் ஒரு நாள்கூட அப்படிக் கேட்காதவள். மனுஷன் உருகிப்போய்விட்டான். மறுமாதமே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டான். மே மாதம் நாலு பெட்டியோடு வந்து இறங்கினான். பூபாவின் டி.சி.யைப் பார்த்துவிட்டு, ‘தேர்ச்சி பெற்றார்’ என்கிற இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டான். ரிஃபானா பார்க்கச் சகிக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை நாலு பேருமாகப் பள்ளிக்கூடம் கிளம்பினார்கள். சின்னவள் அஃப்ராவுக்கு மூன்றாம் வகுப்பு. தொடக்கப்பள்ளியில் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. அங்கே சட்டைக்கு அளவெடுத்தார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டு இங்கேயே இருக்கிறது என்றார்கள், அஃப்ரா திரும்பிக்கூடப் பார்க்காமல் வகுப்புக்கு ஓடிவிட்டாள். இக்பாலுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஒரு பைசா செலவில்லை பார்த்தியா, சென்னையில் என்ன பாடு படுத்தினான்கள் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. ரோட்டோரத்துப் புளியமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் ஹரிஹரனுக்கு ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. வியர்வையைத் துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டி.சி.யை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார். பிறகு, பத்தாம் வகுப்பில் சேர்க்க முடியாதுங்க என்றார்.

இக்பாலுக்குப் புரியவில்லை. ஹரிஹரன் பொறுமையாகத்தான் விளக்கினார். காரைக்கால் அரசுப் பள்ளிகளெல்லாம் இப்போது மத்தியப் பாடத்திட்டத்துக்குப் போய்விட்டன. ஏப்ரலிலேயே வகுப்புகள் தொடங்கி, நடுவில் மே மாத லீவும் முடிந்து, இப்போது பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்தாவதில் எழுதப்போகிறவர்களின் பெயரை ஒன்பதாவதிலேயே பதிந்துவிடுவார்கள். தமிழ்நாட்டுப் பாடத்தில் ஒன்பது முடித்துவிட்டு வந்த பெண்ணை நேரே பத்தாவதில் உட்கார வைக்க அவருக்கு அதிகாரமில்லை. மேலே எழுதிப் போட்டாலும் பதில் வருவதற்குள் பாதி வருஷம் போய்விடும்.

“சார், நான் இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். தஞ்சாவூர்ல என்ன புத்தகமோ அதான் இங்கயும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பாடம், இந்தப் பக்கம் ஒரு பாடமுன்னு எப்ப ஆச்சு?”

“நீங்க படிச்சப்ப ஒண்ணுதாங்க. மாத்தி மூணு வருஷம் ஆச்சு. ஊர்ல இருந்திருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும்.”

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் இக்பாலுக்கு அது நேரே போய்த் தைத்தது. வெளியூரில் பிழைக்கப் போன காரைக்கால்காரர்கள் எல்லோருமே செய்கிற தப்புதான் இது, தாங்கள் போனபோது ஊர் எப்படி இருந்ததோ அப்படியே நிற்குமென்று நினைத்துக்கொள்வது. வீடு மாற்றுவதற்கு முன்னால் ஒருவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் போதும். இக்பால் கேட்கவில்லை, நம்ம ஊர் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் யாரிடம் கேட்பது என்று இருந்துவிட்டான்.

ஹரிஹரன் பூபாவைப் பார்த்தார். “ஒம்பதாவதுல சேந்துக்கிறியாம்மா? ஒரு வருஷம் கூடப் போகும். ஆனா நிதானமாப் படிக்கலாம். பொறுமையாச் சொல்லிக் குடுக்க டீச்சருங்க இருக்காங்க.”

“சேர்றேன் சார்” என்றாள் பூபா, அவர் முடிப்பதற்குள்.

மகளுடைய முகத்தில் பல மாதங்களாகக் காணாத ஒரு தெளிவை ரிஃபானா பார்த்தாள். அல்லாஹ்வே, வழி கிடைத்துவிட்டது, சட்டத்தின் பேரில் பழியைப் போட்டுவிட்டு ஒன்பதாவதில் சேர்த்துவிடலாம், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று அவள் மனசு துள்ளியது. ஒரு நிமிஷம்தான்.

“பாஸான பிள்ளைய யாராவது பின்னால இழுத்து உக்கார வைப்பாங்களா சார்?” என்று இக்பால் எழுந்துவிட்டான். டி.சி.யை உறைக்குள் போட்டான். “எம் மவ ஃபெயிலா ஆனா? நீங்க பாடத்த மாத்தினதுக்கு அவ ஏன் ஒரு வருஷத்த விடணும்?”

வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. சோற்றைப் பிசைந்தான், வைத்தான், எழுந்து நடந்தான். யார் யாருக்கோ போன் போட்டான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவன் அண்ணன் முகைதீன் பிச்சை வந்தார். நெரவிப் பக்கம் அரிசி வியாபாரம், எதையும் மெதுவாகச் சொல்கிறவர். அவருக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்திருந்தது. எல்லை தாண்டிப் பேரளத்தில் ஒரு தனியார் பள்ளி இருக்கிறது, தமிழ்நாட்டுப் பாடம்தான், பத்தாவதில் இடமிருந்தால் சேர்த்துக்கொள்வான். ஆனால் அந்தப் பக்கம் படித்துவிட்டால், நாளைக்குக் காரைக்கால் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குகிற காலேஜ் சீட்டுக்கு நிற்கும்போது கேள்வி வரும், அதையும் யோசித்துக்கொள் என்றார். அவர் பேச்சு ஒன்பதாவதில் சேர்ப்பதன் பக்கம் சாய்கிற மாதிரிதான் இருந்தது. ரிஃபானா கதவுக்குப் பின்னால் நின்று, இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவரோ தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, உன் பிள்ளை, உன் இஷ்டம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை விடியற்காலையில் இக்பால் தன் பங்கு நிலத்தில் குறுவை போட விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஊறப்போட்டான். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்துசேர எத்தனை நாளாகுமோ, போர்வெல் தண்ணீரை நம்பி நாற்றங்கால் விட்டுவிடலாம் என்பது புகழேந்தியின் யோசனை. மூட்டையைத் தண்ணீரில் அமுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நேரே பேரளம் போனான். மத்தியானம் சிரித்த முகமாகத் திரும்பினான். பத்தாவதில் நாலு இடம் இருக்கிறதாம். திங்கட்கிழமை பத்தரைக்கு ஒரு சின்னப் பரீட்சை, கணக்கும் அறிவியலும். “ஒம்பதாவது பாடந்தான். பாஸானவளுக்கு அது ஒரு பெரிய விஷயமா?” என்றான்.

பூபா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாள். கைகழுவப் போனவள் வெகுநேரம் கொல்லையிலேயே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறியதும் இக்பால் விதையை வடித்து, வைக்கோல் போட்டு மூடி, மேலே கல்லை ஏற்றிவைத்தான். பிறகு நோட்டுப் புத்தகத்தோடு மகளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பதினாறு வருஷத்தில் அவன் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வேட்டியை ஒழுங்குபண்ணிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய வாத்தியார் மாதிரிதான் ஆரம்பித்தான். பயம் தெளியட்டும் என்று லேசான கணக்கிலிருந்து தொடங்கினான். மூன்றில் இரண்டு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் கூட்டு. பூபா மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டி, ஏழில் மூன்று என்று எழுதினாள்.

இக்பால் சிரித்துவிட்டான். அவசரப்படாதே என்று வேறொன்று கொடுத்தான். அதையும் அப்படியே எழுதினாள். மூன்றாவது கணக்குக்கு அவன் சிரிக்கவில்லை.

“இது ஆறாம் வகுப்புக் கணக்குடா பூபா” என்றான், குரலைத் தாழ்த்தி.

பூபா பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு மாறி வந்த அலுப்பில் மறந்திருப்பாள், பயத்தில் மறந்திருப்பாள் என்று இக்பால் அவளுக்குப் பதிலாகத் தானே காரணம் சொல்லிக்கொண்டான். தலையில் தட்டிக்கொடுத்தான். வெயில் தாழட்டும், மறுபடியும் உட்காரலாம் என்று எழுந்து நாற்றங்காலுக்குப் போனான். அவன் முகத்தில் சந்தேகம் ஏதும் இல்லை. அதுதான் ரிஃபானாவை அறுத்தது.

அடுப்பில் கொடுவா மீன் குழம்பு, அவர்கள் வழக்கில் ஆணம், கொதித்துக்கொண்டிருந்தது. பூபா வந்து பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

“உம்மா, நாளைக்கு அங்க போய் உக்காந்தா வெறும் பேப்பரத்தான் குடுப்பேன்.”

“முடிஞ்சத எழுதும்மா.”

“எழுத ஒண்ணும் இல்ல. உங்களுக்கே தெரியும். வெறும் பேப்பரப் பார்த்தா வாப்பா என்ன நெனைப்பாங்க? நான்தான் ஏமாத்திட்டேன்னு நெனைப்பாங்க.” வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னாள். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?”

ரிஃபானாவுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஏனென்றால், சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது அந்த வெறும் பேப்பர்தான். போகட்டும், பரீட்சையில் விழட்டும், அவர்களே வேண்டாம் என்று சொல்லட்டும், அப்புறம் வேறு வழியில்லாமல் ஒன்பதாவதில் சேர்ப்பார், நாம் எழுதிக் கொடுத்த கடுதாசியைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. பெற்ற மகளை முன்னால் தள்ளிவிட்டுத் தான் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்திருக்கிறாள். ச்சீ, நானும் ஒரு தாயா என்று இருந்தது. நான்தான் சொல்லணும், நீ வாயைத் திறக்காதே என்றாள். இன்றைக்குச் சொல்கிறேன் என்றாள். சாயங்காலம் இக்பால் வந்ததும் வாயைத் திறந்தாள், அதற்குள் புகழேந்தி வந்துவிட்டார். பிறகு அஃப்ரா மடியில் ஏறிக்கொண்டாள். இப்படியே ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

திங்கட்கிழமை விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு இக்பால் சாக்கைப் பிரித்தான். விதை வெள்ளை வெள்ளையாக முளைவிட்டிருந்தது. முளைத்த விதை காத்திருக்காது, அன்றைக்கே தெளித்தாக வேண்டும். ஒன்பது மணிக்குப் பூபாவைக் கிளப்பி வை, நான் வந்து குளித்துவிட்டு அழைத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். ரிஃபானா தேத்தண்ணிச் செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். செம்பு ஒரு சாக்குத்தான்.

நாற்றங்கால் சேறு பரம்படித்துச் சமமாகக் கிடந்தது. மூன்று வயல் தள்ளிப் புகழேந்தியின் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. இக்பால் முழங்கால் சேற்றில் இறங்கி, கூடையை இடுப்பில் அணைத்து, கைப்பிடி கைப்பிடியாக விதையை வீசினான். பழக்கமில்லாத கைதான், ஆனாலும் சீராகத்தான் விழுந்துகொண்டிருந்தது. ரிஃபானா வரப்பில் நின்றாள்.

“மச்சான், பூபா ஒம்பதுல ஃபெயிலு.”

அவன் கை நிற்கவில்லை.

“அந்த டி.சி.யில இருக்கிறது நெசமில்ல. வேற ஊருக்குப் போயிடறோமுன்னு நான் எழுதிக் குடுத்ததால பாஸ் போட்டுக் குடுத்தாங்க. அஞ்சாவது படிக்கிறப்போ கொரோனா வந்து எல்லாம் போன்லயே நடந்துச்சு. வீட்டுல இருந்தது ஒரே போனு. நீங்க பேசுற நேரம் கிளாஸ் அறுந்துடும். அப்ப விட்டதுதான். வருஷா வருஷம் தள்ளிவிட்டு மேல ஏத்திட்டாங்க. நானும் சரிப்பட்டுடுமுன்னு இருந்துட்டேன். அவமேல தப்பில்ல. அவள அந்தப் பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போவாதீங்க.”

இக்பால் விதையை வீசிக்கொண்டே இருந்தான். ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஒரே இடத்தில் விதை குவிந்து விழுந்தது. தூரத்திலிருந்து புகழேந்தி, அண்ணே, ஒரே எடத்துல கொட்டறீங்க, நாத்து நெருக்கமாப் போயிடும், நடந்துகிட்டே போடுங்க என்று கத்தினார். இக்பால் நாலடி நகர்ந்தான்.

“எழுதிக் குடுத்தது எப்ப?” என்று கேட்டான்.

“பிப்ரவரியில.”

“என்னய ஊருக்கு வரச்சொன்னது?”

“அன்னைக்கேதான்.”

அப்போதுதான் அவன் கை நின்றது. கூடையை இறக்க அங்கே இடமில்லை. அணைத்துக்கொண்டே நின்றான்.

“வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்தப்ப மேனேஜர் கேட்டாரு, இக்பால், நல்லாத்தானே போயிட்டிருக்கு, ஏன் போறேன்னு. எம் பொண்டாட்டி கூப்பிடறா சார்ன்னேன். கிடங்குல எல்லாரும் சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன்.” கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டான். “எவ்வளவு சந்தோசமா சொன்னேன் தெரியுமா?”

ரிஃபானாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அவன் மறுபடியும் விதையை அள்ளி வீசத் தொடங்கிவிட்டான். நீ போ என்றான், அவளைப் பார்க்காமலே. மீதிக் கூடையை முடிக்காமல் அவனால் ஏறி வரவும் முடியாது.

ஒன்பது மணிக்கு வந்தான். குளித்தான். வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பசியாற உட்காரவில்லை. பூபா பையோடு வாசலில் நின்றாள். தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இக்பால் டி.சி. உறையை எடுத்து வண்டிப் பெட்டியில் வைத்தான், வா என்றான், வண்டி போய்விட்டது. எங்கே என்று ரிஃபானாவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கேட்கிற உரிமையே தனக்கு இல்லாதது போல் இருந்தது அவளுக்கு.

வைராக்கியக்காரன் அவன். கல்யாணத்தன்றைக்குச் செருப்பு காணாமல் போனதற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தவன். பேரளத்துக்கே போய், அத்தனை பேர் முன்னால் உட்காரவைத்து, வெறும் பேப்பரை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் வருவானோ? பிள்ளை அங்கே அழுதால் யார் தேற்றுவார்கள்? ரிஃபானா சோறு வடித்தாள், ஆணம் வைத்தாள், மீனுக்கு இரண்டு தடவை உப்பு போட்டுவிட்டு, மீண்டும் கழுவிப் பொரித்தாள். பத்தரை ஆனபோது தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்து உட்கார்ந்தாள். துஆ கேட்க வாய் வரவில்லை. பதினொன்றரை ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலுக்கு வந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு இக்பால் வந்தான். பின்னால் பூபா இல்லை.

“பிள்ள எங்க?”

“ஒம்பதுல சேத்துட்டேன். இன்னைக்கே உக்காந்துட்டா. மத்தியானச் சாப்பாடு அங்கதானாம்.” செருப்பைக் கழற்றினான். “ஹரிஹரன் சார் ஒண்ணும் கேக்கல. நல்ல மனுஷன். சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதலா வச்சிருந்து கணக்குச் சொல்லிக் குடுப்பாங்களாம். இனிமே பள்ளிக்கூடத்துல கூப்பிட்டா நான் போறேன்.”

ரிஃபானா அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்துவந்து வைத்தாள். இக்பால் சோற்றின் முன்னால் உட்கார்ந்தான், கை வைக்கவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அனல் காற்று.

“இன்னும் ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு.”

அவள் யோசித்தாள். இல்லை என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது. உங்களைப் பார்க்கத்தான் கூப்பிட்டேன், பள்ளிக்கூடமெல்லாம் ஒரு சாக்கு என்று சொன்னால் இன்னும் சுலபம். அவன் அதைக் கேட்பதற்குத்தான் காத்திருக்கிறான் என்றும் தெரிந்தது.

“ஒண்ணு இருக்கு மச்சான். பூபா ஃபெயிலாகாம இருந்தாலும் உங்களக் கூப்பிட்டிருப்பேன்னு சொல்ல ஆசையா இருக்கு. ஆனா கூப்பிட்டிருக்க மாட்டேன். வாங்கன்னு கேக்க பதினாறு வருஷமா எனக்குத் தைரியம் வரல. எனக்காக வாங்கன்னு சொன்னா வரமாட்டீங்கன்னு பயம்.”

இக்பால் அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். பிறகு தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

“ஆணத்த ஊத்து” என்றான். “நீயும் ஒரு தட்ட வச்சுக்க.”